கரண்ட் போன பாட்டு

புதியம்புத்தூர்
2.3.2025

செவ்வரளிப்பட்டி அம்மன் கோயில் கொடைக் கமிட்டி உறுப்பினர், அண்ணாச்சி பூவனலிங்கம் அவர்களுக்கு,

உங்களோடு கூடப் பிறந்த யோகலட்சுமி எழுதுகிறேன். உங்கள் நம்பரை நான் பிளாக் செய்து பத்துப் பதினோரு மாதம் ஆகிறது. எடுக்கிற எண்ணம் இல்லை. அதனால்தான் தபால். படித்துவிட்டு வழக்கம்போல மதினி கையில் கொடுத்து, நீயே பார்த்துப் பதில் சொல் என்று நழுவ வேண்டாம். இது உங்களுக்கு எழுதியது.

போன கொடைத் திருவிழாவுக்கு, மற்றக் குடும்பங்களைப் போல, நானும் தலைக்கட்டு வரி கொண்டுவந்து கொடுத்தேன். கமிட்டித் தலைவர் சங்கரபாண்டி மாமா அதைக் கையில் வாங்காமலே, "பொம்பளைக்கு ஏதுட்டி தலைக்கட்டு? நன்கொடைன்னு எழுதிக்கிடுதோம்" என்றார். கமிட்டியில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பந்தக்காலில் அப்படி என்ன அழகைக் கண்டீர்கள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

நன்கொடை கொடுக்க நான் பஸ்ஸில் வந்து இறங்கின வெளியூர்க்காரியா? அந்த ஊரில் பிறந்தவள். எட்டயபுரத்தில் கட்டிக்கொடுத்தீர்கள். அந்த மனுஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்து வைத்த அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இங்கே ஒரு மிஷினில் நைட்டி தைக்க உட்கார்ந்தேன், இன்றைக்குப் பத்து மிஷின் ஓடுகிறது. நம் ஊருக்கு வடக்கே ஓடைப் பாதையில் இடம் வாங்கி இரண்டு அறை கட்டியிருக்கிறேன். சனி ஞாயிறு அங்கேதான் இருக்கிறேன். வீட்டு வரி ரசீது என் பெயரில் வருகிறது. பஞ்சாயத்துக்கு நான் ஒரு ஆள், அம்மனுக்கு மட்டும் ஆள் இல்லையா?

இந்தச் சித்திரைக் கொடைக்கும் வரி கொடுப்பேன். தலைக்கட்டு வரியாக, யோகலட்சுமி என்ற பெயரில். ஒரு தலைக்கட்டுக்கு உண்டானது எல்லாம் எனக்கும் வேண்டும். அம்மனுக்குப் படைக்கிற படப்புச் சோற்றில் பங்கு வேண்டும். நாளைக்கு என் மகள் பிரித்திகாவுக்கு ஒரு நல்லது நடந்தால் ஊர்த் தாம்பூலம் நேராக என் வாசலுக்கு வர வேண்டும், உங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு வரக்கூடாது. மஞ்சள் நீராட்டு முடிந்த மத்தியானம் மைக் செட்டில் என் பாட்டும் போட வேண்டும்.

கடைசியில் சொன்னதுக்குச் சிரிக்க வேண்டாம். தலைக்கட்டுக்கு ஒரு பாட்டு என்று சட்டம் வைத்தது ஊர்தான். என் பாட்டைப் போடு, உன் பாட்டைப் போடு என்று மைக் செட்காரர் சட்டையைப் பிடித்து ஒரு கொடையே பாதியில் நின்றுபோன பிறகு வைத்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் 'இது இன்னார் தலைக்கட்டு' என்று மைக்கில் சொல்வார்கள். ஊர் முழுக்க ஒருத்தர் பெயர் கேட்கிறது அந்த மத்தியானம் மட்டும்தான். அதில் என் பெயர் கேட்க வேண்டும்.

யார் பாட்டு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் பழைய சால்ட்மில் ராக் கோஷ்டி பாட்டுதான்.

இப்படிக்கு
யோகலட்சுமி


செவ்வரளிப்பட்டி
9.3.2025

யோகுவுக்கு,

அண்ணாச்சியாம், அவர்களாம். கவரைப் பார்த்துவிட்டு தபால்காரர், இது கமிட்டிக்கா உங்களுக்கா என்று கேட்கிறார். இனி பெயரை மட்டும் எழுது.

இங்கே பருத்தி கடைசிப் பறிப்பு. ஆள் கிடைக்கவில்லை, உன் மதினியும் நானுமே குனிந்து கிடக்கிறோம். மிளகாய் வத்தல் களத்தில் காய்கிறது. இந்த லட்சணத்தில் எனக்கு ராக் பாட்டு பஞ்சாயத்து.

பந்தக்காலைப் பார்த்தேன் என்கிறாய். வேறு எங்கே பார்க்கச் சொல்கிறாய்? மாமா முகத்தைப் பார்த்தால் அவருக்காகப் பேச வேண்டும், உன் முகத்தைப் பார்த்தால் உனக்காகப் பேச வேண்டும். என் மகன் காளீஸ்வரனுக்கு அவர் மகள் செல்வலட்சுமியைக் கேட்டிருக்கிறோம் என்பது உனக்குத் தெரியாததா? உன் மருமகன் கல்யாணம் அது. அவர் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் பந்தக்காலைத்தான் பார்க்க முடியும்.

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேள். என் தலைக்கட்டுப் பாட்டை இந்த வருஷம் உனக்குக் கொடுத்துவிடுகிறேன். 'பூவனலிங்கம் தலைக்கட்டு, அவர் தங்கச்சி யோகலட்சுமி விரும்பிக் கேட்ட பாட்டு' என்று சொல்லச் சொல்கிறேன். மைக் செட் இசக்கிமுருகன் எனக்கு வேண்டியவன்தான். உன் பெயரும் கேட்கும், மாமாவுக்கும் மூக்கு உடையாது. சால்ட்மில்தான் வேண்டும் என்றால், மாட்டுவண்டிப் பாட்டு என்று நாம் பெயர் வைத்தோமே, அதைச் சொல். அதைப் போட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வெயிலில் அலையாதே.

அண்ணன்
பூவனலிங்கம்


புதியம்புத்தூர்
13.3.2025

அண்ணனுக்கு,

'அவர்களை' எடுத்துவிட்டேன். அதற்குமேல் இறங்கி வர மாட்டேன்.

உன் பாட்டு எனக்கு வேண்டாம். உன் பெயருக்குக் கீழே வால் மாதிரி என் பெயரைத் தொங்கவிடவும் வேண்டாம். அவர் தங்கச்சி, இவர் பெண்டாட்டி, அவர் மகள் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் உன் தங்கச்சி என்பது அந்த ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். அதை மைக் வைத்துச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன், பதில் சொல். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் பழைய கடையில் டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தாரே, உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் இருந்ததே, அதை ஊக்கு வைத்துக் கிளறி எடுத்தது யார்? மேலே ஒட்டின தாள் கிழிந்து 'சால்ட்மில்' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. பாட்டுகளுக்குப் பெயர் தெரியாது என்று நாமே வைத்துக்கொண்டோம், மாட்டுவண்டிப் பாட்டு, சண்டைப் பாட்டு, அழுகைப் பாட்டு, கரண்ட் போன பாட்டு என்று. அந்தக் கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தலைக்கட்டு என் கைக்கு வரட்டும், கூம்புக் குழாய்ல சால்ட்மில் போட்டு ஊரையே அலறவிடுதேன் பாரு" என்று சொன்ன ஆள் எங்கே போனார்?

தலைக்கட்டு உன் கைக்கு வந்து எத்தனை கொடை ஆகிவிட்டது. நீ கேட்டது எல்லாம் அப்பா கேட்ட அதே அம்மன் பாட்டுதான். அம்மன் பாட்டு தப்பில்லை. ஆனால் உனக்குக் கிடைத்ததை நீ ஒரு வருஷம்கூட உன் ஆசைக்குக் கேட்கவில்லை. கிடைக்காதவள் நான் கேட்கிறேன்.

காளீஸ்வரன் கல்யாணம் நடக்கட்டும். அத்தை சீர் நான் செய்வேன், அதையும் என் தலைக்கட்டில் இருந்துதான் செய்வேன்.

யோகலட்சுமி


செவ்வரளிப்பட்டி
21.3.2025

யோகு,

கமிட்டியில் உன் பேச்சை எடுத்தேன். நான் எடுக்க மாட்டேன் என்று நினைத்திருப்பாய். எடுத்தேன்.

மாமா கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெற்றிலையை மடித்துக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டார். அடுப்பு எரிகிற வீடுதானே தலைக்கட்டு, அது ஆதி காலத்து ஏற்பாடு, உன் வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது, கேஸ்தானே இருக்கிறது என்று முதல் கேள்வி. சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அதில் ஒருத்தர் வீட்டில்கூட விறகு எரிவதில்லை, மாமா வீட்டிலும்தான். ஆனால் அதை அந்த இடத்தில் யார் சொல்வது?

இரண்டாவது கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும். "பாட்டு பாட்டுன்னு குதிக்காளே, என்ன பாட்டுன்னு சொல்லச் சொல்லு. தனக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு சொல்லத் தெரியாதவளுக்கு எதுக்குடே தலைக்கட்டு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உடனே வாயைத் திறந்தேன், உன் பாட்டைச் சொல்லிவிடலாம் என்று. திறந்த பிறகுதான் எனக்கும் தெரியாது என்று தெரிந்தது. அழுகைப் பாட்டு என்று நினைத்தேன், ஆனால் நிச்சயம் இல்லை. எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

நாலில் ஒன்றைச் சொல். ஒன்றே ஒன்று. மாட்டுவண்டி என்றால் எனக்கு நிம்மதி.

உன் மதினி வத்தல் எடுத்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் வாங்கிக்கொள். நான் காட்டில் இருப்பேன்.

பூவனலிங்கம்


செவ்வரளிப்பட்டி, என் வீடு
30.3.2025

அண்ணனுக்கு,

இதை உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்குக் கோவில்பட்டியில் தபாலில் சேர்ப்பேன். நீ காட்டில் இருப்பேன் என்று எழுதினாய். சனிக்கிழமை முழுக்க உன் வண்டி வாசலில்தான் நின்றது.

மாமாவின் முதல் கேள்விக்குப் பதில் கொல்லையில் இருக்கிறது. மூன்று கல் வைத்து, களிமண் பூசி, அடுப்புப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் அத்தை, ஆடு மேய்க்கிறாளே, அவள் ஒரு கட்டு காய்ந்த பருத்திமார்க் குச்சி கொண்டுவந்து போட்டாள். அவள் வீட்டுக்காரர் செத்ததில் இருந்து அவளுக்கும் வரி கிடையாது. படப்புச் சோற்றைக் கொழுந்தன் வீட்டில் போய் வாங்குகிறாள். இன்றைக்கு அந்த அடுப்பில் கேப்பைக் களி கிண்டினேன். இனி சனி ஞாயிறு என் வீட்டில் விறகுதான் எரியும். கரிசல் ஊரில் பருத்திமாருக்கா பஞ்சம்?

இரண்டாவது கேள்வி என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. மாமா கேலிக்குக் கேட்டார், ஆனால் கேள்வி நியாயமானதுதான். பிரித்திகா போனில் நாலு பாட்டையும் ஏற்றிக் கொடுத்தாள். மிஷின் ஓடுகிற சத்தத்தில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டதில் ஒரு நைட்டிக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன்.

மாட்டுவண்டிப் பாட்டு நல்ல பாட்டுதான். டிரம் கடகடவென்று ஒரே சீராகப் போகும். ஆனால் அது யாரையும் ஒரு கேள்வி கேட்காது. அதைப் போட்டால் மாமா தலையை ஆட்டிக்கொண்டே வெற்றிலை போடுவார். அவர் தலையாட்டத்தானா நான் இந்தப் பாடுபடுகிறேன்? வேண்டாம்.

சண்டைப் பாட்டில் இரண்டு கிடார். ஆளுக்கொரு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு வாசிப்போம். தடித்த கிடார் எப்போதும் உனக்கு, மெல்லிசுக் கிடார் எனக்கு. அதைப் போட்டால் ஊரில் எல்லோரும் இது அண்ணன் தங்கச்சி சண்டை என்று எடுத்துக்கொள்வார்கள். இது உன்னோடு சண்டை இல்லை. பாதிதான் உன்னோடு.

அழுகைப் பாட்டு. நீ நினைத்தது தப்பில்லை. எட்டயபுரத்தில் இருந்த வருஷம் எல்லாம் எனக்கு அதுதான் துணை. கேசட் உன்னிடம் இருந்தது. வார்த்தையும் தெரியாது. அடுப்படியில் நின்று ராகத்தை மட்டும் வாய்க்குள் முனகுவேன். பாடுகிறவன் குரல் உடைகிற இடம் வருமே, அங்கே எனக்கும் உடையும். எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது என்று என் மகள் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதைக் கூம்புக் குழாயில் கட்டித் தொங்கவிட மாட்டேன். நான் அழுததை அந்த ஊர் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று.

மிச்சம் இருப்பது கரண்ட் போன பாட்டு. அது உன் பாட்டு, தெரியும். முதல் தடவை கேட்டபோது நடுவில் சத்தம் மொத்தமாக நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நீ ஸ்டூலில் ஏறிப் பியூஸ் கட்டையில் கை வைத்தாய். அந்த நேரம் பார்த்து டிரம் இடித்தது. ஸ்டூலோடு விழுந்தாய். பையனுக்கு ஷாக் அடித்துவிட்டது என்று அம்மா தெருவையே கூட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பாட்டு என்றாலே எனக்குக் கேலிதான். பாட்டு என்றால் பாட வேண்டும், நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்ன பாட்டு என்று உன்னைச் சீண்டுவேன்.

இப்போது கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. முடிந்தது என்று கேட்கிறவன் நினைக்கிறான். பாடுகிறவன் முடிக்கவில்லை. சும்மா நிற்கிறான், அப்புறம் முன்னைவிட இரண்டு பங்கு சத்தத்தோடு வருகிறான். நான் பிள்ளையோடு வந்து இறங்கின அன்றைக்கு நம் வாசலில் நின்று, "அம்புட்டுதான், யோகு கதை முடிஞ்சிட்டு" என்று சொன்னவர்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் காதில் இது விழ வேண்டும்.

கமிட்டியில் சொல். யோகலட்சுமி தலைக்கட்டு, கரண்ட் போன பாட்டு.

யோகலட்சுமி


செவ்வரளிப்பட்டி
6.4.2025

யோகு,

அது என் பாட்டு.

இத்தனை வருஷம் கேலி செய்துவிட்டு இப்போது உனக்கு வேண்டும் என்றதும் எடுத்துக்கொண்டாய். என் பம்பரத்தை எடுத்தாய், என் சைக்கிளை எடுத்தாய், இப்போது இது. சரி, எடுத்துத் தொலை. ஆனால் எடுக்கிற பொருளை ஒழுங்காகப் பார்த்து எடு.

நீ போனில் கேட்டேன் என்கிறாய். காளீஸ்வரனும் போனில் போட்டுக் காட்டினான். அதில் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கத்தரித்துவிட்டிருக்கிறார்கள். சத்தம் நிற்கிறது, மூச்சு விடுவதற்குள் டிரம் வந்துவிடுகிறது. புதிதாகச் சுத்தம் செய்து விட்டதாம். சுத்தம் செய்யச் சொல்லி யார் அழுதார்கள்? அந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். மாமா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்துவிடலாம். பியூஸ் கட்டை வரைக்கும் போன ஆள் நான். இதைக் கவனிக்காமலே, இப்போது வேறு மாதிரி இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய்.

இதோடு ஒரு பார்சல் வரும். என் பனியன் துணியில் சுற்றியிருக்கிறேன். கேசட். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டி வைத்திருக்கிறேன், பூசணம் பிடிக்கவில்லை. தூத்துக்குடியில் பழைய கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிற கடை இருக்கிறதாம். ஏற்றி, அந்த இடத்தைக் கேட்டுப் பார். யாரையும் சுத்தம் செய்ய விடாதே. கேசட் எனக்குத் திரும்ப வர வேண்டும்.

கமிட்டிக் கூட்டம் பதினாறாம் தேதி. வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, எதையும் எதிர்பார்க்காதே.

பூவனலிங்கம்


புதியம்புத்தூர்
11.4.2025

அண்ணனுக்கு,

ஏற்றியாயிற்று. கடைக்காரர், நடுவில் டேப் பழுதாகியிருக்கிறது, அந்த இடத்தை எடுத்துவிடவா என்று கேட்டார். எடுத்தால் உம்மை எடுத்துவிடுவேன் என்று பிரித்திகா சொன்னாள். நம் வீட்டுப் பிள்ளை.

நீ சொன்னது சரிதான். ஏதோ குறைகிற மாதிரி எனக்கும் தோன்றியது, மிஷின் சத்தம் என்று விட்டுவிட்டேன். இப்போது முழுசாகக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் இனி வராது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

பிரித்திகா அந்தப் பாட்டுக்கு அர்த்தமும் தேடிப் பார்த்தாளாம். யாரோ ஒருத்தனுடைய பன்றி தொலைந்துபோய் அவன் சந்தை சந்தையாகத் தேடுகிற கதையாம். "பன்னிப் பாட்டையா ம்மா கோயில்ல போடப் போற?" என்று சிரிக்கிறாள். மாமாவிடம் சொல்லிவிடாதே. எனக்கு அந்த அர்த்தம் தேவை இல்லை. அவன் பன்றியைத் தேடட்டும், நான் என்னுடையதைக் கேட்கிறேன்.

பதினாறாம் தேதி என் வரியை இசக்கிமுருகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நானே வந்தால் வாய் சும்மா இருக்காது. நீ பந்தக்காலைப் பார்ப்பதாக இருந்தால் கூட்டத்துக்குப் போகாமலே இரு. அது எனக்கு இன்னும் கௌரவம்.

யோகலட்சுமி


செவ்வரளிப்பட்டி
17.4.2025

யோகு,

நேற்று கூட்டம். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள்.

உன் வரியை இசக்கிமுருகன் தட்டில் வைத்தான். மாமா அதைத் தனியே எடுத்து ஓரமாக வைத்தார். அடுப்புப் போட்டிருக்கிறாள் என்று சொன்னேன். கொல்லையில் மூன்று கல்லை வைத்தால் அடுப்பா, நாளைக்கு ஆட்டுக்காரன் காட்டில் மூன்று கல் வைத்தால் அவனும் தலைக்கட்டா என்றார். பாட்டைச் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை, புரியவில்லை. நன்கொடை என்றே எழுதுங்கள் என்று கணக்குப் பார்க்கிறவரிடம் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

நான் என் வரியைத் தட்டில் இருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை போய்விட்டது. "அவ வரிய வாங்கலன்னா எனக்கும் வரி கெடையாது மாமா. இந்த வருசம் மொத மாலைய வேற யாராவது கொண்டாங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அதையும் சொல்வார்கள், சொல்லட்டும்.

மொத மாலை அப்பாவுக்கு முன்னால் இருந்தே நம் வீட்டில் இருந்துதான் போகிறது என்று உனக்குத் தெரியும். அது போகாமல் அம்மனுக்குத் திரை எடுக்க மாட்டார்கள். மாமா ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். நீ கொண்டு வா, நீ கொண்டு வா என்று கேட்டும் பார்த்தார். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவிய வீட்டு மாலைய நாங்க தொட்டா அம்மா சும்மா விடுவாளா?" என்று சொல்லிவிட்டார்கள். மாமாவே கொண்டு வரலாம்தான், அவருக்கும் அந்தப் பயம் உண்டு.

அந்த நேரம் பேச்சித்தாய் அத்தை வாசலில் நின்றுகொண்டு, "எனக்கும் ஒண்ணு எழுதிக்கிடுங்க. நான் பாட்டுலாம் கேக்க மாட்டேன்" என்றாள். நீ சொல்லி அனுப்பினாயா?

கடைசியில் மாமா இறங்கினார். இந்த வருஷம் மட்டும் என்று சொல்லி இரண்டு பேருக்கும் எழுதச் சொன்னார். அதிலும் இரண்டு கொக்கி போட்டிருக்கிறார். உன் பாட்டு எல்லாவற்றுக்கும் கடைசி, பந்தியில் இலை போட்ட பிறகு. அந்த நேரத்தில் உன் வீட்டு அடுப்பு உன் கையால் எரிய வேண்டும், கமிட்டி சார்பில் சோலைராஜ் நேரில் வந்து பார்ப்பான். அணைந்திருந்தால் தலைக்கட்டு கிடையாது. ஆக நீ கோயிலுக்கு வர முடியாது. அதற்காகத்தான் அப்படி வைத்தார். இதற்குமேல் என்னால் இழுக்க முடியவில்லை.

செல்வலட்சுமி பேச்சு என்னாகும் என்று தெரியவில்லை. மாமா என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனார். உன் மதினி நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை, ஆனால் மாலைக்கு அரளியும் துளசியும் சொல்லிவிட்டாள்.

பென் டிரைவை இசக்கிமுருகனிடம் கொடுத்துவிடு. கேசட்டையும்.

அண்ணன்


செவ்வரளிப்பட்டி
25.4.2025

அண்ணே,

நீ கோயிலில் இருந்தாய், நான் அடுப்பு முன்னால் இருந்தேன். இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். பேச்சித்தாய் அத்தையை நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அவளுக்கே ஒரு வாய் இருக்கிறது.

மத்தியானம் பாட்டு ஆரம்பித்ததில் இருந்து நானும் அத்தையும் அடுப்பை விட்டு நகரவில்லை. பருத்திமார் பற்றிக்கொள்ளும், ஆனால் நிற்காது. ஒரு கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேப்பமரத்துக் குழாய் எங்கள் பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் கேட்டது. உன் பெயர் வந்தது. வழக்கமான அம்மன் பாட்டுக்குக் காத்திருந்தேன். மாட்டுவண்டிப் பாட்டு வந்தது. கையில் இருந்த அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாவி, நீ அதைச் சொல்லவே இல்லையே.

சோலைராஜ் வந்து கொல்லை வாசலில் நின்றான். அடுப்பு எரிவதைப் பார்த்தான், உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றான். பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்று மைக்கில் சொன்னார்கள். அதன் பிறகு மாமா குரல். "கடேசியா ஒரு இங்கிலீசு பாட்டு" என்றார். அவ்வளவுதான். பெயரைச் சொல்லவில்லை.

எழுந்து ஓடி மைக்கைப் பிடுங்கலாம் என்றால் அடுப்பு. எழுந்தால் தலைக்கட்டு போச்சு, இருந்தால் பெயர் போச்சு. அந்த மனுஷன் இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியிருக்கிறார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது காதில் ஏறவே இல்லை. நான் தேர்ந்தெடுத்த பாட்டு, இரண்டு மாதம் மல்லுக்கட்டி வாங்கின பாட்டு, அதைக்கூடக் கேட்க முடியாமல் பண்ணிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு குச்சியைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சத்தம் நின்றது.

அத்தை தலையைத் தூக்கி, "கரண்டு போயிட்டா யோகு?" என்றாள். எதிர் வீட்டில் ஒருத்தர் தன் வீட்டு ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே போனார். இல்லை அத்தை, இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குழாயில் மாமா, "முடிஞ்சிட்டுல்லா, ஆஃப் பண்ணுடே" என்பது கேட்டது. என்னமோ தட்டுகிற சத்தம். அப்புறம் நீ.

"கைய எடுங்க மாமா. இது யோகலட்சுமி தலைக்கட்டு. பாட்டு இன்னும் முடியல."

நீ வாயை மூடினதும் டிரம் இடித்தது. அந்த இடைவெளியில் எவ்வளவு பேசலாம் என்று அளந்து பேச உன்னை விட்டால் உலகத்தில் ஆள் கிடையாது. என் தகரக் கதவு அதிர்ந்தது. அத்தையின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, அத்தை அதன் பின்னாலேயே ஓடினாள். இன்றைக்குத்தான் பிடித்து வந்தோம்.

மைக்கைப் பிடுங்கின வேகத்தில் 'என் தங்கச்சி' என்று உன் வாயில் வந்திருக்கும், எனக்குத் தெரியும். நீ அதைச் சொல்லவில்லை. யோகலட்சுமி தலைக்கட்டு என்று மட்டும் சொன்னாய். அதற்காகத்தான் இன்று காலையில் உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடு. மாமா அடுத்த வருஷம் என்ன கொக்கி போடுவார் என்று இப்போதே பேச வேண்டும். செல்வலட்சுமி விஷயத்தில் நான் நேரில் போய் அவரிடம் பெண் கேட்கப் போகிறேன். ஒரு தலைக்கட்டு இன்னொரு தலைக்கட்டிடம் கேட்கிற மாதிரி கேட்பேன். கேசட்டை நானே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. டிரம் இடித்ததும் நான் அகப்பையைப் போட்டுவிட்டு எழுந்து தெரு வாசலுக்குப் போய் நின்றேன். முழுப் பாட்டையும் நின்று கேட்டேன். சோலைராஜ் பின்னாலேயே வந்து, "எக்கா, அடுப்பு அணையுது" என்றான்.

"அணையட்டும்லே. பேர் சொல்லியாச்சு" என்றேன்.

யோகலட்சுமி
தலைக்கட்டு, செவ்வரளிப்பட்டி